சங்கக்கடை கோழிக்கூடு ஆகலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. பத்தாம் வகுப்பிற் படிக்கும் அவருடைய மகள், ஒற்றுமையின் பயனைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். கூட்டுறவு என்று பொருள்படும் ‘கோ-ஒப்பரேஷன்’ என்னுஞ் சொல்லைத் தன் பாட்டனார் கற்பித்தபடி, நடுவே ஒரு சிறுகோடு இட்டு எழுதினாள். பிரத்தியேக வகுப்பின் ஆசிரியர் அந்தக் கோட்டைச் சிவப்பு மையினால் வெட்டி, ‘சேர்த்தே எழுதுக’ என்று குறிப்பும் எழுதி, அரைப் புள்ளியையும் குறைத்துவிட்டார். பாட்டனாரோ அரசாங்கக் கந்தோரில் ஆங்கிலத்திற் கடிதம் வரைந்தே இளைப்பாறியவர். “முப்பது வருடம் நான் எழுதியதெல்லாம் பிழையோ?” என்று அவர் கேட்கிறார். வீட்டில் இப்பொழுது இரண்டு கட்சி. தீர்ப்புச் சொல்லும்படி தாயார் நம்மைக் கேட்டிருக்கிறார்.

அதே வாரத்தில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவரும் எழுதியிருக்கிறார். தாம் எழுதிய விடைத்தாளுக்கு மறுபடி புள்ளியிடுமாறு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருக்கிறதாம். ‘ரீ-மார்க்’ என்பதைக் கோடிட்டு எழுதுவதா, கோடின்றி எழுதுவதா என்பது அவருடைய ஐயம்.

இரண்டு கேள்விகளும் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஒரு சொல்லின் முன்னே வந்து ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றும் சிறு உறுப்பை முன்னொட்டு என்கிறோம். வடமொழியார் உபசர்க்கம் என்பர். ஆங்கிலத்தில் அவ்வாறு ஒன்று வந்து ஒட்டும்போது இடையிற் கோடு வேண்டுமா என்பதே வினா. ‘ஹைபன்’ என்னும் அக்கோட்டின் பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘ஒன்றின் கீழ்’ என்பது அதன் பொருள். பண்டைக் கிரேக்கர் இரண்டு சொற்களை ஒன்றாகச் சேர்த்து வாசிக்க வேண்டுமென்று காட்டுதற்கு, எழுத்துக்களின் அடியில் ஒரு வளைகோடு வரைந்தனர். அதுவே பின்னர் மேலேறி, இன்று நாம் காணும் நேர்கோடாயிற்று.

இத்தனை சிறிய கோட்டுக்கா இத்தனை வாதம் என்று சிலர் நினைக்கக்கூடும். 1956 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, இந்நாட்டையே வாழிடமாகக் கொண்டு, 2008 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொழும்பிலே மறைந்த விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை நமது வாசகர் பலர் அறிவர். 1968 இல் வெளிவந்த தமது விண்வெளி நூலொன்றில், சரித்திரத்திலேயே மிகுந்த விலை கொடுக்கப்பட்ட சிறுகோடு ஒன்றைப் பற்றி அவர் குறிப்பிட்டார். 1962 ஜூலை 22 ஆம் திகதி வெள்ளிக்கிரகத்தை நோக்கி அமெரிக்கர் ஏவிய ‘மரினர் 1’ என்னும் விண்கலம் வழிதவறிச் செல்லவே, 293 விநாடிகளில் அதனைத் தாமே வெடிக்கச் செய்து அழிக்க நேர்ந்தது. வழிகாட்டும் கணக்கைக் கையினாற் பிரதி செய்தவர் ஒரு கோட்டை விட்டுவிட்டதே அதற்கு ஒரு காரணம். உண்மையில் அது சொல்லின் நடுவே இடும் கோடன்று. ஓர் எழுத்தின் தலைமேல் இடவேண்டிய கோடு. ஆயினும் உலகம் அதனை ஹைபன் என்றே வழங்கிவருகிறது. தலைமேல் நின்றாலென்ன, இடையில் நின்றாலென்ன? எழுதுகிறவன் விட்ட கோட்டுக்கு விலை கொடுப்பவன் வாசிக்கிறவனே என்பது அதிலுள்ள பாடம்.

இனி நம் ஊர்ப் பெயர்ப்பலகைக்கு வருவோம். 1957 ஆம் ஆண்டளவில் உணவு விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தனவின் காலத்திலே தோன்றிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை அறியாத குடும்பம் இந்நாட்டில் இல்லை. யாழ்ப்பாணத்தார் அவற்றின் விற்பனை நிலையத்தைச் ‘சங்கக்கடை’ என்பர். அவற்றின் ஆங்கிலப் பெயரில், ‘பல’ என்று பொருள்படும் ‘மல்ரி’ ஒன்றும், ‘கூட’ என்று பொருள்படும் ‘கோ’ ஒன்றுமாக இரண்டு முன்னொட்டுக்கள் உள. இரண்டின் பின்னும் கோடு இடுவதே வழக்கம். அக்கடையைச் சுருக்கமாகக் ‘கோ-ஒப்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது கோட்டை எடுத்துவிட்டால் என்னாகும்? சீ, ஓ, ஓ, பீ என்னும் நான்கெழுத்தும் சேர்ந்து ‘கூப்’ என்றாகிவிடும். கூப் என்றால் கோழிக்கூடு! அரிசி வாங்கப் போன மனிதன் கோழிக்கூட்டின் வாயிலில் நிற்பான். ஆதலினாலேதான், நெடுஞ்சொல்லாகிய ‘கோ-ஒப்பரேஷ’னிற் கோட்டை நீக்கிவிட்டவர்களுங்கூடக் ‘கோ-ஒப்’ என்னுங் குறுஞ்சொல்லில் அதை விடாது வைத்திருக்கிறார்கள். உடன் வேலை செய்பவர் என்று பொருள்படும் ‘கோ-வேர்க்கர்’ என்பதும் இத்தகையதே. கோடின்றி எழுதினால், முதல் மூன்றெழுத்தும் சேர்ந்து பசுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாய்க் கண்ணிற் படும். தமிழிலும் ‘கோ’ என்றாற் பசுதானே என்று நகைப்பவர் நகைக்கட்டும். உடன் வேலை செய்பவர் நகைக்கமாட்டார்.

இரண்டு உயிரொலிகள் நேருக்கு நேர் மோதும்போது எழும் இந்தத் தொல்லை ஆங்கிலத்துக்கு மாத்திரம் உரியதன்று. தமிழிலும் உண்டு. ஆனால் நம் முன்னோர் அதற்குக் கோட்டை நாடவில்லை. மெய்யெழுத்தொன்றைத் தூது அனுப்பினர். திரு என்பதோடு அடி சேர்ந்தாற் ‘திருவடி’. மணி என்பதோடு ஓசை சேர்ந்தால் ‘மணியோசை’. கோ என்பதோடு இல் சேர்ந்தாற் ‘கோவில்’ என்றும் ‘கோயில்’ என்றும் வரும். இடையில் வந்து இரண்டு உயிர்களையும் உடம்படச் செய்யும் வகர யகரங்களுக்கு உடம்படுமெய் என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் செய்த நன்னூலில் இதன் விதியைக் காணலாம். ஆங்கிலேயனும் வாயினாற் சொல்லும்போது ‘கோவொப்பரேஷன்’ என்று ஏறக்குறைய ஒரு வகரத்தை இழைத்தே சொல்லுகிறான். ஆனால் அவனுடைய எழுத்துமுறையில் அந்த வகரத்துக்கு இடமில்லை. நாவு செய்த சமாதானத்தைக் கண்ணுக்குக் காட்ட வழியில்லாமையால், அங்கே கோடு வந்து நிற்கிறது. அமெரிக்காவில் ‘நியூ யோர்க்கர்’ என்னும் சஞ்சிகை மாத்திரம் கோடும் இடாமல் வெறுமனே சேர்க்கவும் மாட்டாமல், இரண்டாம் உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகளை வைத்து எழுதிவருகிறது.

வெள்ளவத்தை மாணவரின் கேள்விக்கு இப்போது விடை காண்போம். ‘மறுபடியும்’ என்று பொருள்படும் ‘ரீ’ என்னும் முன்னொட்டு, ஆர், ஈ என்னும் இரண்டெழுத்தால் ஆனது. ஆங்கிலத்தில் அவ்விரண்டெழுத்தையும் சில சொற்களில் நீட்டி ‘ரீ’ என்பர். சிலவற்றிற் குறுக்கி ‘ரி’ என்பர். சிலவற்றில் ‘ரெ’ என்பர். எழுத்து ஒன்று, ஓசை மூன்று. குறிலுக்கு ஒரு வடிவமும் நெடிலுக்கு வேறு வடிவமும் வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே பெரியதோர் அனுகூலம் உண்டு. ஐயமான ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

‘ரிமார்க்’ என்றால் ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுதல். ‘ரீ-மார்க்’ என்றால் மறுபடி புள்ளியிடுதல். ‘ரிசைன்’ என்றால் உத்தியோகத்தைத் துறத்தல்; ‘ரீ-சைன்’ என்றால் மீண்டும் கையெழுத்திடுதல். ‘ரிகவர்’ என்றால் நோயிலிருந்து தேறுதல். ‘ரீ-கவர்’ என்றால், நாற்காலிக்கோ புத்தகத்துக்கோ புது உறை போடுதல். ‘ரெக்ரியேஷன்’ பொழுதுபோக்கு, ‘ரீ-கிரியேஷன்’ மீண்டும் படைத்தல். 1917 ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் நிறுவிய இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தின் ஆங்கிலப் பெயரில் வருவது ‘ரிபோம்’. குறிலாக ஒலித்துச் சீர்திருத்தத்தைக் குறிப்பது. அதையே கோடிட்டு ‘ரீ-போம்’ என்று எழுதியிருந்தால், கலைந்தவர்கள் மறுபடி அணிவகுத்தல் என்றாகி, அப்பெரியாரின் நோக்கமே மாறிப்போயிருக்கும்.

இச்சோடிகளிலெல்லாம் எழுத்துக்கள் ஒன்றே. கோடு ஒன்றுதான் வித்தியாசம். தமிழிலும் ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. அங்கே ஒரு பகரம் செய்யும் வேலையை இங்கே ஒரு கோடு செய்கிறது.

ஆகவே, வெள்ளவத்தை மாணவர் கோட்டை விட்டுவிட்டு விண்ணப்பம் எழுதினால், ‘என் விடைத்தாளைப் பற்றி ஏதாவது அபிப்பிராயம் சொல்லுங்கள்’ என்று கேட்டவராவார். அபிப்பிராயம் சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, புள்ளிதான் வராது! கட்டாயம் கோடு இடுக. இன்னும் ஐயமிருந்தால், ‘மறுபடியும் புள்ளியிடுக’ என்னும் பொருளை இரண்டு சொல்லாக விரித்து, ‘மார்க் அகெயின்’ என்று எழுதிவிடுக. குழப்பமான இடத்திற் சொல்லையே மாற்றிக்கொள்வது தோல்வியன்று. அதுவும் எழுத்தாளனின் சாமர்த்தியங்களுள் ஒன்று.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இன்னுமோர் உதாரணம். அயனாகாத பொருளைக் குறிக்கும் ‘அன்-அயனைஸ்ட்’ என்பதைக் கோடின்றி எழுதினால், தொழிற்சங்கத்திற் சேர்ந்தவரைக் குறிக்கும் ‘யூனியனைஸ்ட்’ என்பதோடு எழுத்துக்கெழுத்து ஒத்துப்போகும். இரசாயனப் பாடத்திலே தொழிற்சங்கம் நுழையாதிருக்க ஒரு கோடு போதும்.

இதுவரை சொன்னவற்றை நினைவிற் கொள்ளத்தக்கபடி தொகுத்துத் தருகிறோம். பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியிற் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, முன்னொட்டின் பின்னே பெரிய எழுத்தில் தொடங்கும் இயற்பெயரோ, இலக்கமோ வருமாயின் கோடு கட்டாயம். ‘புரோ-பிரிட்டிஷ்’, ‘அன்-அமெரிக்கன்’, ‘மிட்-ஜூலை’ என்பன போல. சரித்திரக் கட்டுரையில் 1948 ஆம் ஆண்டுக்கு முந்திய காலத்தைப் ‘பிறீ-1948’ என்று எழுதுவதும் அவ்வாறே.

இரண்டாவது, முன்னாள் என்று பொருள்படும் ‘எக்ஸ்’ என்பதன் பின்னும், ‘தன்’ என்று பொருள்படும் ‘செல்ப்’ என்பதன் பின்னும் கோடு வரும். முன்னாள் ஜனாதிபதி ‘எக்ஸ்-பிரெசிடென்ட்’, தன்மானம் ‘செல்ப்-ரெஸ்பெக்ட்’. தாமே எடுத்துக்கொள்ளும் கடைகளில் தொங்கும் ‘செல்ப்-சேர்விஸ்’ பலகையில் எழுதியவர் கோட்டை விட்டிருந்தாலும், மாணவர் கட்டுரையில் விடலாகாது.

மூன்றாவது, கோடின்றேல் வேறொரு சொல்லாய் மயங்கும் இடம். கோழிக்கூடும், ‘ரிமார்க்’கும், தொழிற்சங்கமும் இவ்வகையின.

இம்மூன்றும் கட்டாயம். நான்காவதாக, விருப்பத்துக்கு விட்ட இடமும் ஒன்று உண்டு. முன்னொட்டின் இறுதியும் அடுத்த சொல்லின் முதலும் ஒரே உயிரெழுத்தாயின், பிரித்தானிய வழக்குப் பெரும்பாலும் கோடிடும். அமெரிக்க வழக்குப் பெரும்பாலும் விட்டுவிடும். மீண்டும் தெரிவு செய்தல் என்னும் ‘ரீ-எலெக்ட்’, மேம்பட்ட என்னும் ‘பிறீ-எமினென்ட்’, நம்முடைய ‘கோ-ஒப்பரேஷன்’ ஆகியவை இதில் அடங்கும். ‘அல்லாத’ என்னும் பொருளுடைய ‘நொன்’ என்பதும் ஏறக்குறைய இவ்வாறே. 1976 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் ஐந்தாவது அணிசேரா நாடுகளின் மாநாடு கூடியபோது, ‘நொன்-எலைன்ட்’ என்பது கோட்டோடு கூடியே நின்றது. அமெரிக்கர் பலர் ‘நொன்’ என்பதை அடுத்த சொல்லோடு ஒட்டியே எழுதுவர்.

மற்றைய இடங்களிற் கோடு வேண்டா. தெருக்கடைகளிலெல்லாம் தொலைபேசிக்குப் பணம் நிரப்புதலைக் குறிக்கும் ‘ரீலோட்’ என்ற சொல்லைக் காண்கிறோம். அங்கே ‘ரீ’ நெடிலாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் மயங்குதற்கு ‘ரிலோட்’ என்று வேறொரு சொல் இல்லை, உயிர்கள் மோதவுமில்லை. ஆகையாற் கோடுமில்லை. ‘ரீபிரின்ட்’, ‘ரீரைட்’, ‘பிறீபெய்ட்’ என்பனவும் அத்தகையன. கண்ட இடமெல்லாம் கோடிடுதல், சோற்றுக்கு உப்பு வேண்டுமென்று பாயசத்திலும் உப்பிடுவது போலாகும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கை. ஒரு ஸ்தாபனத்தின் பெயரை அதன் சட்டத்திலும் பதிவிலும் உள்ளபடியே எழுதுதல் வேண்டும். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிற் கோடு உண்டு. தமிழ்நாட்டு நெசவாளர் 1935 இல் அமைத்த ‘கோ-ஆப்டெக்ஸ்’ நிறுவனத்தின் பெயரிலும் கோடு உண்டு. அவற்றை நம் இஷ்டம்போல் எடுத்துவிட நமக்கு அதிகாரமில்லை.

இனிக் கொட்டாஞ்சேனை வழக்குக்குத் தீர்ப்பு. ஒரு முன்னொட்டும் சொல்லும் புதிதாகச் சந்திக்கும்போது இடைவெளி விட்டு நிற்கின்றன. நாட்பட்ட பழக்கத்தால் ஒன்றாகின்றன. தமிழிலே ‘பிரதிநிதி’ என்று சேர்த்து எழுதும் நாம், ‘பிரதி அமைச்சர்’ என்று பிரித்து எழுதுகிறோம். ‘உபதேசம்’ சேர்ந்திருக்கிறது, ‘உப தபாலகம்’ பிரிந்திருக்கிறது. முன்னொட்டு ஒன்றே, பழக்கத்தின் வயதுதான் வேறு. ஆங்கிலத்திலும் இன்று, நாளை என்னும் ‘ருடே’, ‘ருமொறோ’ என்ற சொற்களை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரையிலும் இடையிற் கோடிட்டே பலர் எழுதினர். பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் இதைக் காணலாம். மின்னஞ்சலைக் குறிக்கும் ‘ஈ-மெயி’லின் கோட்டை அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரெஸ் என்னும் செய்தி ஸ்தாபனம் 2011 இல் நீக்கிற்று, ‘ரீ-எலெக்ட்’டின் கோட்டை 2019 இல் நீக்கிற்று. 2007 இல் வெளிவந்த ‘ஷோர்ட்டர் ஒக்ஸ்போட்’ அகராதியின் ஆறாம் பதிப்போ, ஏறக்குறைய 16,000 சொற்களிலிருந்து கோட்டைக் களைந்தது. குழந்தைகள் விரும்பும் ‘ஐஸ் கிறீம்’ அவற்றுள் ஒன்று.

ஆகவே ‘கோ-ஒப்பரேஷன்’ என்பது பழைய பிழையுமன்று, ‘கோஒப்பரேஷன்’ என்பது புதிய பிழையுமன்று. பிரித்தானிய அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. பாட்டனார் முப்பது வருடம் எழுதியது முற்றிலும் சரி. ஆசிரியர் சேர்த்து எழுதக் கற்பிப்பதும் சரியே. ஆனால் அகராதி ஏற்ற வடிவத்துக்கு அரைப் புள்ளி குறைத்தது நியாயமன்று. தாயார் அகராதியைக் கையிற் கொடுத்து மகளை ஆசிரியரிடம் மரியாதையோடு அனுப்பிக் கேட்கச் செய்யலாம். மொழியின் மீது அன்புள்ள ஆசிரியர் அப்புள்ளியை மகிழ்ச்சியோடு திருப்பிக் கொடுப்பார்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. முதற் பந்தியிற் கோடிட்டும், மூன்றாம் பந்தியிற் கோடின்றியும் எழுதியிருந்தால், அங்கே புள்ளி குறைத்தது நியாயமே. இரண்டில் எதையும் தெரிந்தெடுக்கலாம். எடுத்ததைக் கட்டுரை முடியும்வரை கைவிடலாகாது.

ஓலைச்சுவடியிற் சொற்களுக்கிடையில் வெளியுமில்லை, குறியுமில்லை. கற்றவர் மாத்திரமே அவற்றை வாசித்தனர். அச்சுப் புத்தகம் யாவர் கைக்கும் வரத் தொடங்கிய காலத்தில், நல்லூர் ஆறுமுக நாவலர் சந்தியைப் பிரித்தும் நிறுத்தக் குறிகளை இட்டும் உரைநடையை எளிதாக்கியது, வாசிக்கிற பிள்ளை இடறாதிருக்க வேண்டும் என்பதற்காகவே. ஆங்கிலச் சிறுகோட்டுக்கும் வேறு நியாயம் இல்லை. விதி மறந்துபோன வேளையில், ‘இதை முதன்முறை வாசிப்பவர் இடறுவாரோ?’ என்று கேட்டுப் பாருங்கள். இடறுவாராயின் கோடு இடுங்கள்; இல்லையேல் விடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: பின்வருவனவற்றில் எவற்றுக்குக் கோடு கட்டாயம், எதற்கு விருப்பம், எதற்கு வேண்டா? சுவருக்கு மறுபடி வர்ணம் பூசும் ‘ரீபெயின்ட்’. முன்னாள் அமைச்சராகிய ‘எக்ஸ் மினிஸ்டர்’. மறுபடி பரிசோதிக்கும் ‘ரீ எக்ஸாமின்’. ஆகஸ்ட் நடுப்பகுதியாகிய ‘மிட் ஆகஸ்ட்’. சிதறிய காசை மறுபடி பொறுக்கும் ‘ரீ கலெக்ட்’. கடைசிச் சொல்லைத் தமிழெழுத்தில் ‘ரெ’ என்று குறுக்கியும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஞாபகங்கூர்தல் என்று வேறொரு சொல் எதிரே வந்து நிற்கும். விடைகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.